சிறுவர் காவடிப் பெட்டி: பலகைக்குக் காசு கொடுக்கலாம், பூவுக்கு வேண்டாம்

மொரீசியசில் தைப்பூசம் அரசு விடுமுறை. 2025இல் பிப்ரவரி 11 அன்று வந்தது, 2026இல் பிப்ரவரி 1. எந்த ஆண்டாக இருந்தாலும் நல்ல கோடை, மழை, புயல் காலம் மூன்றும் சேர்ந்த நேரம். கடையில் மின்விசிறிக்குக் கீழே அழகாக நிற்கும் காவடியைப் பார்க்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

போர்ட் லூயியில் ஒரு பூசைச் சாமான் கடை இரண்டு மூன்று ஆண்டுகளாகச் சிறுவர் காவடியைப் பெட்டியாகக் கட்டி விற்கிறது. கடையின் பெயர் இங்கே வேண்டாம். இதே மாதிரிப் பெட்டி ரோஸ் ஹில்லிலும் காத்ர் போர்னிலும் வேறு கைகளில் கிடைக்கலாம், குறைகளும் ஏறக்குறைய இவையாகவே இருக்கும். சின்ன அளவு, நடு அளவு என்று இரண்டு வகை. உள்ளே ஒரு பலகை, இரண்டு பிரம்பு வளைவு, விங் நட் போட்ட நான்கு போல்ட், இரண்டு பித்தளைச் செம்பு, செம்பு தொங்கவிட இரண்டு கொக்கி, சாட்டின் துணி தைத்த தோள் மெத்தை, கிரேப் தாள், பிளாஸ்டிக் பூச்சரம், லேமினேட் செய்த முருகன் படம், இடுப்பில் எலாஸ்டிக் வைத்த இளஞ்சிவப்பு வேட்டி, பத்து நாள் விரத அட்டவணை ஒன்று, செய்முறைத் தாள் ஒன்று. தாளில் பிரெஞ்சும் ஆங்கிலமும்தான். ரூபாய் நோட்டிலேயே தமிழ் எழுத்து அச்சிடுகிற நாட்டில் காவடிப் பெட்டிக்குள் ஒரு வரி தமிழ் இல்லை.

ஐந்து வயதில் ஒருவன், எட்டு வயதில் ஒருவன் என்று இரண்டு பையன்கள் உள்ள வீட்டை மனதில் வைத்துத்தான் இந்தக் கணக்கு முழுவதும். சுருக்கமாகத் தீர்ப்பு: பலகையும் பிரம்பும் கொடுத்த காசுக்கு மேலே. செம்பு பாதி தேறும். பூவும் மெத்தையும் கொக்கியும் வீண். அட்டவணையைப் பற்றிக் கீழே தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

பலகையிலிருந்து தொடங்கலாம். சின்ன அளவுப் பலகை 60 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனம். லேசான பைன் மரம். எடை 480 கிராம் அளவில் நிற்கிறது. நடுவில் கழுத்துக்கு அரைவட்டமாக வெட்டியிருக்கிறார்கள், பலகை கழுத்துக்குப் பின்னால் இரண்டு தோளிலும் படியும். நல்ல யோசனை. ஆனால் வெட்டிய விளிம்பை இழைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்த விளிம்பு படுவது பிள்ளையின் பிடரியில், வேர்வையில் ஊறிய தோலில். உப்புத்தாள் 120 நம்பரில் ஒரு முறை, 240 நம்பரில் ஒரு முறை தேய்த்தால் பத்து நிமிட வேலை. தேய்த்த பிறகு கையால் தடவிப் பார்த்தால் போதாது. பெரியவர்கள் கை காய்ப்பேறியது, சிலாம்பு தெரியாது. ஒரு துண்டுப் பஞ்சை எடுத்துப் பலகையின் அடிப்பக்கம் முழுவதும் இழுத்துப் பாருங்கள். எங்கே பஞ்சு சிக்குகிறதோ அங்கே சிலாம்பு இருக்கிறது. போல்ட் முனை அடியில் துருத்திக்கொண்டிருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும். பெட்டியில் வரும் போல்ட் 5 மி.மீ. நீளம் கூடுதல். விங் நட்டைப் பலகையின் மேல்பக்கமும் போல்ட் தலையை அடிப்பக்கமும் வருமாறு திருப்பிப் போட்டால் துருத்தல் தோளைத் தொடாது. செய்முறைத் தாளில் உள்ள படம் இதைத் தலைகீழாகக் காட்டுகிறது. படத்தை நம்ப வேண்டாம்.

நீளத்துக்கு வருவோம். பெட்டி மேல் “5 முதல் 8 வயது” என்று ஒட்டியிருக்கிறது. ஐந்து வயதுக்கும் எட்டு வயதுக்கும் ஒரே பலகை பொருந்தும் என்று எழுதியவர் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் பார்த்தவராக இருக்க முடியாது. பிள்ளை இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி நின்றால் ஒரு முழங்கையிலிருந்து மறு முழங்கை வரை உள்ள தூரம்தான் பலகையின் நீளம். அதற்கு மேல் போனால் முனை கண்ணுக்குத் தெரியாது, கூட்டத்தில் அடுத்தவர் மேல் இடிக்கும், திரும்பும்போது பிள்ளையையே சுழற்றிவிடும். 110 செ.மீ. உயரமுள்ள ஐந்து வயதுப் பையனுக்கு அந்த அளவு சுமார் 55. 127 செ.மீ. உயரமுள்ள எட்டு வயதுப் பையனுக்குச் சுமார் 63. ஆக, “சின்ன” அளவு பெரியவனுக்குத்தான் சரி. “நடு” அளவு 75 செ.மீ., அதை எட்டு வயதில் வாங்கவே கூடாது. அண்ணனுக்கு நடு, தம்பிக்குச் சின்னது என்று வாங்கினால் இருவருக்குமே ஓர் அளவு பெரிதாகிவிடும். கடையில் நடக்கும் தவறுகளில் இதுதான் முதன்மை.

சின்னவனுக்கு 60ஐ வீட்டில் அறுத்து 55 ஆக்கலாமா? முடியாது. பிரம்பு செருகும் துளை விளிம்பிலிருந்து 4 செ.மீ. உள்ளே போட்டிருக்கிறது. பக்கத்துக்கு இரண்டரை அறுத்தால் துளைக்கு வெளியே ஒன்றரைதான் மிஞ்சும். பிரம்பின் இழுவைக்கு மரம் நார் வழியே பிளந்துவிடும். அதற்குப் பதிலாகத் துளை போடாத பலகையாகக் கேளுங்கள். குறைந்தது ஒரு வாரம் முன்னால் சொன்னால் கடைக்காரர்கள் பின்கட்டில் அளவுக்கு அறுத்துத் துளை போட்டுத் தருகிறார்கள், கூடுதல் காசும் வாங்குவதில்லை. பெட்டியில் எங்கும் எழுதாத சேவை இது. கேட்டால்தான் கிடைக்கும்.

அடுத்து எடை. பள்ளிப் பைக்குச் சொல்லும் கணக்கையே இங்கேயும் வைத்துக்கொள்ளலாம்: பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 18 கிலோ பையனுக்கு 1.8 கிலோ, 25 கிலோ பையனுக்கு 2.5 கிலோ. பெட்டியில் உள்ளதை உள்ளபடி பூட்டி நிறுத்தால் இப்படி வருகிறது: பலகை 480 கிராம், பிரம்பு 150, போல்ட் 60, பித்தளைச் செம்பு இரண்டும் 420, செம்புக்குக் கால் லிட்டர் வீதம் பால் 515, பிளாஸ்டிக் பூவும் படமும் 330. மொத்தம் 2 கிலோவுக்கு 45 கிராம்தான் குறைவு. பெரியவன் தாங்குவான். சின்னவனுக்கு இது அதிகம். நூறு அடி நடக்கும் வரை ஒன்றும் தெரியாது, அதற்குப் பிறகு ஒரு தோள் இறங்கத் தொடங்கும். தோள் இறங்கினால் அந்தப் பக்கத்துப் பால் வழியும். பால் வழிந்தால் பிள்ளை பயப்படுவான்.

குறைக்க வழி இருக்கிறது. சின்னவனுக்குப் பித்தளைக்குப் பதில் 150 மி.லி. பிடிக்கும் சின்ன எவர்சில்வர் செம்பு, ஒன்று 90 கிராம். அதில் 120 மி.லி. பால். பிளாஸ்டிக் பூவை எடுத்துவிட்டு 300 கிராமுக்குள் நிஜப் பூ. அப்போது மொத்தம் 1.4 கிலோ சொச்சம். சமையலறைத் தராசில் தனித்தனியாக நிறுக்கலாம். இல்லையென்றால் பையனை எடை மெஷினில் காவடியோடு ஒரு முறை, காவடி இல்லாமல் ஒரு முறை ஏற்றிக் கழித்துக்கொள்ளலாம். இரண்டு செம்பிலும் ஒரே தம்ளரால் அளந்து ஊற்றுங்கள். கண்ணளவில் ஊற்றினால் ஒரு பக்கம் சாயும்.

பிரம்பு வளைவில் குறை சொல்ல அதிகமில்லை. 8 மி.மீ. கனம், நீராவியில் வளைத்து எடுத்தது, நிறம் சீராக இருக்கிறது. உயரம் பலகையிலிருந்து 30 செ.மீ., அதாவது பலகை நீளத்தில் பாதி. அதற்கு மேல் உயரம் போனால் காற்று பிடிக்கும். இங்கே தென்கிழக்குக் காற்று எந்தத் தெருமுனையில் திரும்பி அடிக்கும் என்று யாருக்குத் தெரியும். ஒரே சிக்கல், பிரம்பு காய்ந்தால் இளைத்துத் துளையில் ஆடும். பருத்தி நூலை முனையில் பத்துச் சுற்றுச் சுற்றி, நனைத்துச் செருகினால் இறுகிக்கொள்ளும். ஒட்டுப் பசை வேண்டாம், பிறகு கழற்ற முடியாது. இதே கடையில் மூங்கில் வளைவும் பிவிசி குழாய் வளைவும் தனியாக வைத்திருக்கிறார்கள். மூங்கிலில் குண்டூசித் துளையும் அதன் கீழே மஞ்சள் மாவும் தெரிந்தால் உளு அரித்தது, தொடாதீர்கள். பிவிசி மழைக்கு அசையாது, ஆனால் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் இளகித் தொய்கிறது. பிரம்பே போதும்.

செம்பு. பெட்டியில் உள்ள பித்தளைச் செம்பு மெல்லிய தகட்டில் அடித்து அடிப்பாகத்தைப் பற்றவைத்தது. வாங்கியவுடன் கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, பழைய செய்தித்தாள் மேல் ஒரு மணி நேரம் வையுங்கள். தாளில் வளையமாக ஈரம் தெரிந்தால் பற்றுவைப்பு சரியில்லை. அன்றே திருப்பிக் கொடுங்கள், மாற்றித் தருவார்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் போய்க் கேட்டால் அடுக்கு காலியாகியிருக்கும். வாய் விளிம்பு வெளியே மடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விளிம்பு மடியாத செம்பில் நூல் நிற்காது, மூடிய இலை வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

மூடி என்று ஒரு பித்தளைத் தட்டு வருகிறது, உள்ளே ரப்பர் வளையம். ரப்பர் வாடை பாலில் ஏறுகிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வாழை இலையை உள்ளங்கை அளவு வெட்டி, அடுப்புத் தணலில் இரண்டு பக்கமும் காட்டி வாட்டிக்கொள்ளுங்கள். வாட்டாத இலை மடித்த இடத்தில் கிழியும், வாட்டியது துணி போல மடியும். இரண்டு இலை, ஒன்றின் நரம்பு மற்றதற்குக் குறுக்கே வருமாறு. அதன் மேல் மஞ்சள் துணி. கழுத்தில் நூல் கயிறு மூன்று சுற்று. கடைசி முடிச்சு ஷூ நாடாவுக்குப் போடும் முடிச்சாக இருக்கட்டும். இது சின்ன விஷயமில்லை. பால் பட்டு நனைந்த நூலில் போட்ட இறுக்கு முடிச்சைக் கோவிலில் அவிழ்க்க முடியாது. பின்னால் நூறு காவடி வரிசையில் நிற்க, குருக்கள் கையை நீட்டிக்கொண்டிருக்க, அப்பா பல்லால் கடித்துக்கொண்டிருப்பார். ஒரு முனையை இழுத்தால் திறக்க வேண்டும், அதை அந்தப் பையனே இழுக்க வேண்டும்.

கொக்கியில் தொங்கவிடுவது பெரியவர்கள் காவடிக்குச் சரி. சிறுவர் காவடியில் தொங்கும் செம்பு நேராகப் பிள்ளையின் முழங்கையில் வந்து முட்டும். நடை அசைவோடு ஊஞ்சலாடி, ஆட்டம் கூடிக்கொண்டே போகும். பழைய துணியைத் திரித்து 7 செ.மீ. வளையமாகச் சும்மாடு ஒன்று செய்து, பலகையின் முனையில் ஆணி இல்லாமல் நூலால் கட்டி, செம்பை அதில் உட்கார வையுங்கள். செம்பின் கழுத்திலிருந்து பிரம்புக்கு எட்டுப் போட்டு ஒரு கட்டு. பால் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கட்டும். பாதி செம்பு ஊற்றினால் பத்திரம் என்று தோன்றும், உண்மையில் பாதி நிறைந்த செம்பில்தான் அலை அதிகம். குறைந்த பால் வேண்டுமானால் சின்னச் செம்பு எடுங்கள், பெரிய செம்பில் குறைவாக ஊற்றாதீர்கள்.

பால் திரியும் கதைக்கு வந்தோம். காவடி புறப்படும் ஆற்றங்கரையில் காலை ஐந்து மணிக்கு ஊற்றுகிற பால் கோவில் போய்ச் சேரப் பதினொன்று ஆகலாம். வெயில் 30 டிகிரியைத் தாண்டியிருக்கும். பாலில் உள்ள புளிக்க வைக்கும் கிருமிகளுக்கு அது விருந்து. திரிவதற்கு வீடுகளில் நடக்கும் காரணங்கள் மூன்று. ஒன்று, செம்பைப் புளி போட்டுத் துலக்கிவிட்டு அரைகுறையாக அலசுவது. பற்றுவைத்த மடிப்பில் நிற்கும் ஒரு துளிப் புளிக்கரைசல் போதும். முந்தைய நாள் மதியமே துலக்கி, மூன்று தடவை அலசி, கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டி, கவிழ்த்து முழுவதும் உலர விட வேண்டும். இரண்டு, காய்ச்சிய பாலை ஆறுவதற்கு முன் மூடுவது. சூடு உள்ளே நின்று, கிருமிக்குப் பிடித்த வெதுவெதுப்பிலேயே மணிக்கணக்காகக் கிடக்கும். மூன்று, எலுமிச்சை. காவடியில் கோத்துத் தொங்கவிட்ட எலுமிச்சம்பழத்தின் ஊசித் துளையிலிருந்து சாறு சொட்டி, இலை மேல் விழுந்து, உள்ளே இறங்கும். பழத்தைச் செம்புக்கு நேர் மேலே கட்டாதீர்கள், நடுப்பக்கமாகக் கட்டுங்கள்.

எந்தப் பால் என்றால், கொட்டகை வைத்திருப்பவரிடம் பசும்பால் கிடைத்தால் பலருக்கு மனநிறைவு. இரவே பொங்கக் காய்ச்சி, ஆற வைத்துக் குளிரூட்டியில் வையுங்கள், செம்பையும் கூடவே வையுங்கள். விரதத்துக்காகக் குளிரூட்டியைத் துடைத்து மீனும் இறைச்சியும் இல்லாமல் வைத்திருக்கும் வீடுகளில் இதில் தடையில்லை. கூட்டுக் குடும்பத்தில் அது முடியவில்லையென்றால் ஐஸ் பெட்டி. திறக்காத டெட்ரா பாக்கெட் பால்தான் எல்லாவற்றிலும் நீண்ட நேரம் நிற்கும், கிருமியே இல்லாமல் அடைத்தது. பால் மாவு இந்தத் தீவின் எல்லாச் சமையலறையிலும் இருப்பது. அதையே கலக்குவதானால் கொதித்து ஆறிய நீரில் கலக்கி உடனே குளிர வையுங்கள். ஈயம் பூசாத பித்தளையில் புளித்த பாலைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்கக் கூடாது, உலோகத்தின் தாமிரம் பாலில் இறங்கியிருக்கும்.

செய்முறைத் தாளில் பிரெஞ்சில் ஒரு வரி: விரதம் சுத்தமாக இருந்தால் பால் திரியாது. ஊரில் எல்லோரும் சொல்வதுதான், பெரியவர்கள் தங்கள் விரதத்துக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும்போது அதில் ஓர் ஒழுங்கும் இருக்கிறது. ஆனால் ஐந்து வயதுப் பையனுக்கான பெட்டியில் அச்சடித்துப் போடுகிற வரியா அது? அண்ணன் பால் நின்று தம்பி பால் திரிந்தால், அன்று இரவு தம்பி என்ன கணக்குப் போடுவான்? திரிந்ததற்குக் காரணம் ஒரு துளிப் புளி. பழி விழுவது பிள்ளையின் பக்தி மேல். அந்தத் தாளைப் பையன்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன் கிழித்துவிடலாம். திரிந்த பாலையும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும் குருக்கள் உண்டு. பிள்ளை எதிரில் செம்பை முகர்ந்து பார்க்கும் பழக்கத்தை மட்டும் அப்பா அம்மா விட்டுவிட வேண்டும்.

அட்டவணையும் இதே மாதிரிதான். கொடியேற்றத்திலிருந்து பத்து நாளுக்குப் பத்துக் கட்டம். கறி மீன் சாப்பிடவில்லை, பொய் சொல்லவில்லை, விளக்கேற்றினேன் என்று நட்சத்திரம் ஒட்ட வேண்டும். பெட்டிக்கு ஒன்று, ஆக இரண்டு பையனுக்கு இரண்டு அட்டவணை சுவரில் பக்கம் பக்கமாகத் தொங்கும். நாலாம் நாளுக்குள் அது பள்ளி ரேங்க் அட்டை ஆகிவிடும். “அண்ணன் நேத்து பொய் சொன்னான்” என்று தம்பி சொல்வதும், நட்சத்திரத்துக்காக உண்மையாகவே ஒரு பொய் சொல்வதும் நடக்கும். ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, மற்றதில் கட்டத்தைக் கோடு போட்டுப் பாதியாக்காமல், வீட்டுக்கே ஒரு அட்டவணை என்று வைத்துக்கொள்ளலாம். வேலையைப் பிரித்துக் கொடுங்கள்: ஒற்றைப்படை நாளில் ஒருவன் திரி போடுவான், மற்றவன் பூ வைப்பான். இரட்டைப்படை நாளில் மாற்றிக்கொள்ளட்டும். தீக்குச்சி பெரியவர்கள் கையிலேயே இருக்கட்டும். சின்னவன் எத்தனை நாள் விரதம் என்பது வீட்டுப் பெரியவர்களும் கோவில் குருக்களும் சொல்கிறபடி. பள்ளிக்கூடம் ஜனவரியில்தான் திறந்திருக்கும், சாப்பாட்டு டப்பாவுக்குத் தால் பூரி எளிது. பட்டாணிப் பருப்பு உள்ளே இருப்பதால் பசி தாங்கும். கத்தோவில், அதாவது கேக்கில், முட்டையும் ஜெல்லி மிட்டாயில் ஜெலட்டினும் இருப்பதைப் பையன்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள், தெரியாமல் தின்றுவிட்டு அழும்படி விடாதீர்கள்.

வேட்டி நல்ல பருத்தி. எலாஸ்டிக் வைத்தது இந்த வயதுக்கு வரம், நடுவழியில் அவிழாது. சாயம்தான் ஒட்டும். குளிர்ந்த நீரில் தனியாக அலசி, நீர் தெளியும் வரை மூன்று நான்கு முறை எடுங்கள். கீழ் விளிம்பு கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே நிற்க வேண்டும். மேலே பார்த்து நடக்கிற பிள்ளைக்கு வேட்டி நுனிதான் தடுக்கும் கல். சாட்டின் மெத்தை பளபளப்பாக இருக்கிறது, அதனாலேயே வழுக்குகிறது. உள்ளே ஒரு செ.மீ. ஸ்பாஞ்ச், வேர்வையைக் குடித்துப் பொதபொதவென்று ஆகிவிடும். சின்னப் பருத்தித் துண்டை நாலாக மடித்துப் பலகையோடு தைத்து விடுங்கள்.

அலங்காரத்தைப் பெட்டியில் உள்ளபடி செய்தால் ஒரு மழைக்குக் கதை முடிந்தது. கிரேப் தாளின் சிவப்பு கரைந்து தோளிலும் வேட்டியிலும் இறங்கும். பூசம் அன்று மழை வராது என்று இந்தத் தீவில் யாரும் பந்தயம் கட்ட மாட்டார்கள். தென்னங்குருத்தோலையை முதல் நாள் மாலை வெட்டி, ஈரத்துணியில் சுற்றி வைத்து, இரவில் பின்னினால் மறுநாள் மதியம் வரை வெளிர்ப் பச்சையாகவே நிற்கும். சாமந்திச் சரம் இரண்டு முழம் போதும். ஆந்தூரியம் இங்கே மலிவு, வாடவும் வாடாது, ஆனால் வெட்டிய காம்பின் சாறு தோலில் பட்டால் அரிக்கும். காம்பு நுனியை இலையால் சுற்றிக் கட்டி, கழுத்துப் பக்கம் வராமல் வையுங்கள். குண்டூசி, கம்பி எதுவும் வேண்டாம், எல்லாவற்றுக்கும் நூல்தான். அதிகாலையில் தூக்கும் முன் காவடியை ஒரு முறை தட்டி உதறுங்கள். இரவெல்லாம் வெளியே பூவோடு நின்ற காவடியில் குளவி உட்கார்ந்திருக்கும். லேமினேட் படம் வெயிலில் கண்ணாடி போலப் பிரதிபலித்து எதிரே வருகிறவர் கண்ணைக் கூசச் செய்யும், மங்கலான தாளில் அச்சிட்ட படம் மேல்.

பலகையில் பையன் பெயரைத் தமிழில் எழுதிவிடுங்கள், அடிப்பக்கம். கோவிலில் இறக்கி வைத்த இடத்தில் ஒரே மாதிரி இருபது காவடி இருக்கும். எழுத்தைக் கூட்டித் தன் காவடியைக் கண்டுபிடிக்கிற பெருமையும் அவனுக்கு இருக்கட்டும்.

நடைக்குப் பெட்டியில் எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது. வெறுங்காலும் தார்ச்சாலையும்தான் சிறுவர் காவடியின் நிஜமான சோதனை. காவடிகளுக்கு முன்னால் சாலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போவது இங்கே வழக்கம், ஆனால் பத்து மணிக்கு மேல் அந்த ஈரம் நிமிடங்களில் காய்ந்துவிடும். புறங்கையைச் சாலையில் ஐந்து வினாடி வைக்க முடியவில்லையென்றால் பிள்ளையின் காலும் தாங்காது. சின்னவனைக் கடைசிப் பகுதியில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம், முதல் கூட்டத்தோடு அதிகாலையிலேயே புறப்படுவது இன்னும் நல்லது. காத்ர் போர்ன் கோர் தெ கார்த் மலைக் கோவிலுக்கு எடுப்பவர்கள் படியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். படியேறும்போது பலகை பின்னால் சாயும், ஒரு பெரியவர் பின்னால் நின்று பலகையின் நடுவை ஒரு விரலால் தாங்கினால் போதும். தூக்கிவிட வேண்டாம். தூக்கினால் பையனுக்குத் தெரிந்துவிடும், கோபித்துக்கொள்வான்.

கடைச் சேவையைப் பற்றி: விற்பவர்கள் கிரியோலில் பேசுவார்கள், காவடி, செம்பு, வேல் எல்லாம் தமிழ்ப் பெயரிலேயே புரியும். பலகையை அளந்து அறுத்துத் தருவதில் பொறுமை உண்டு, பிள்ளையை நிறுத்தி அளக்கவும் செய்கிறார்கள். கொடியேற்றத்துக்குப் பிறகு அந்தப் பொறுமை இருக்காது. விலையை எழுதவில்லை, அது வாரத்துக்கு வாரம் ஏறும். பெட்டியாக வாங்காமல் பலகை, பிரம்பு, போல்ட் மட்டும் தனியாகக் கேட்டால் தருகிறார்கள், மிச்சமாகும் பணத்தில் இரண்டு சின்ன எவர்சில்வர் செம்பும் பூவும் வாங்கலாம். விங் நட் தொலைந்தால் பூசைக் கடையில் கிடைக்காது, கேன்கையரி என்கிற இரும்புச் சாமான் கடைக்குத்தான் போக வேண்டும். விடுமுறை அன்று அது பூட்டியிருக்கும், நான்கு உபரியாக வாங்கி வையுங்கள்.

எல்லாம் முடிந்து வாழை இலையில் ஏழு காய்கறிச் சாப்பாடும் ஆன பிறகு, அன்று மாலையே ஓலையையும் பூவையும் அவிழ்த்துவிடுங்கள். பால் தெறித்த பலகையை ஈரத்துணியால் துடைத்து நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள், இல்லாவிட்டால் எறும்பும் பூசணமும் வந்துவிடும். பிரம்பைக் கழற்றாமல் வளைவோடு அலமாரி மேல் படுக்க வையுங்கள், நிமிர்த்திச் சாய்த்தால் ஓராண்டில் கோணும். தம்பிக்கு 60 செ.மீ. பலகை சேர இன்னும் இரண்டு மூன்று ஆண்டு ஆகும், அண்ணன் அதற்குள் 70க்கு வந்திருப்பான். அதனால் அண்ணனுடைய பலகையின் அடியில் எழுதும் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள்.